பொறுப்பேற்கும் சுவர்

ஆக்னஸின் புருஷன் எழிலுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனாலும் எழில் ஜெயிலில்தான் இருந்தான். அதெப்படி என்று கேட்பவர்கள் கோர்ட்டு வாசலை மிதிக்காத புண்ணியவான்கள். ஜாமீன் கிடைப்பது வேறு, வெளியே வருவது வேறு. "இவனை விடலாம்" என்று சொல்கிற நீதிபதி, "சொந்த வீடு உள்ள இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்" என்று ஒரு வாலையும் சேர்த்துத்தான் சொல்வார். வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வந்து நிற்கவேண்டும். எழிலுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவனைப் போலவே ஆவடியில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கிறவர்கள். சொந்த வீடு வைத்திருந்த ஒரே ஆசாமி அவர்களுடைய வீட்டுக்காரர்தான். ஆக்னஸ் அவரிடம் போய் நின்றாள்.

"ஜாமீனா? மொதல்ல நீ ஊட்ட காலி பண்ற வழியப் பாரு" என்றார் அவர்.

எழில் செய்த குற்றம் இன்னொருவனுடைய குட்டியானை வண்டியைக் கூலிக்கு ஓட்டியது. தார்ப்பாய்க்கு அடியில் இருந்த செம்புக் கம்பி திருட்டுக் கம்பி. ஏற்றியவன் ஓடிவிட்டான், வண்டிக்குச் சொந்தக்காரனும் ஓடிவிட்டான். வண்டியை ஓட்டியவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அவனைப் பிடிப்பது சுலபமாக இருந்தது.

வீட்டுக்காரர் விரட்டிய அன்றிலிருந்து ஆக்னஸுக்கு ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் 'இவங்களுக்கு சொந்த ஊடா, வாடகையா?' என்று மனசு கேட்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. சூப்பர்வைசர் கத்தினால் கத்துவது காதில் ஏறாது. கொரட்டூரில் அவருக்கு மாடிவீடு இருப்பதாகச் சொன்னார்களே என்று ஓடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஃபாதர் பிரசங்கம் பண்ணினால், பாவம், இவருக்கு ஏது வீடு என்று பெருமூச்சு வரும்.

இந்த நிலைமையில்தான் அவளுடைய மகள் ஷைனியைத் தேடிக்கொண்டு வண்ணக்கூடு அறக்கட்டளை வந்தது. அப்பாவோ அம்மாவோ ஜெயிலில் இருக்கிற பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, படம் வரையச் சொல்லிக் கொடுத்து, அதனால் அவர்களை வலிமைப்படுத்துகிற திட்டம். பெயர் 'கம்பிக்கு அப்பால் ஒரு வானவில்'. பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னபோது ஆக்னஸ் தலையாட்ட யோசித்தாள். எங்கே நடக்கிறது என்று கேட்டாள். திருவேற்காட்டுக்குப் பக்கத்தில், ப்ளூ ஹெரான் என்க்ளேவ் என்ற பெரிய ஃப்ளாட்டில் என்றார்கள். எத்தனை வீடு என்று கேட்டாள். நாலு பிளாக் நிறைய என்றார்கள்.

"அத்தினி பேரும் சொந்த ஊடா?" என்றாள் ஆக்னஸ். ஆமாம் என்றதும், சனிக்கிழமையே ஷைனிக்குத் தலை வாரி, ஷேர் வேன் பிடித்துக் கிளம்பிவிட்டாள்.

ப்ளூ ஹெரான் என்றால் நீல நாரை. அந்த இடத்தில் ஏரி இருந்தபோது நாரைகளும் இருந்தன. ஏரியைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியவர்கள், போன நாரைக்கு மரியாதையாகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உள்ளே கிளப் ஹவுஸ் என்று ஒரு ஏ.சி. மண்டபம். அதில் பன்னிரண்டு பிள்ளைகளையும் அவர்களுடைய அம்மாமார்களையும் வட்டமாக உட்காரவைத்து, அறக்கட்டளையின் தலைவி நிவேதிதா பேசினாள். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, பள்ளிக்கூடம் போகிற ஒரு பையன், சி பிளாக் மூன்றாவது மாடி. சொந்த வீடு.

"முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன்" என்றாள் நிவேதிதா. "நாங்க உதவி பண்றவங்க இல்ல. உதவிங்கறது மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்களுக்குக் குடுக்கறது. அது அதிகாரம். அதனால நாங்க உங்களுக்கு எதையுமே குடுக்க மாட்டோம். உங்க வலியை நீங்களே கொண்டாட ஒரு இடம் மட்டும் அமைச்சுத் தருவோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். வலியைக் கொண்டாடுவது எப்படி என்று ஆக்னஸுக்குப் புரியவில்லை. பஃப்ஸ் கொடுத்தார்கள். அது புரிந்தது.

ஓவியம் சொல்லிக் கொடுக்க விக்ரம் என்று ஒருத்தர். வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. கம்பெனி, சனி ஞாயிறு கலைஞர். ஏ பிளாக்கில் சொந்த ஃப்ளாட்தான், ஆனால் பாங்க் லோன் ஓடுகிறது என்று ஆக்னஸ் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். லோன் வீடு கோர்ட்டில் செல்லுமா செல்லாதா என்பது அவளுக்குப் பெரிய கவலையாகிவிட்டது. விக்ரம் பிள்ளைகளுக்குத் தாளும் வண்ணமும் கொடுத்து, "உங்க அப்பாவை வரைங்க. உள்ள இருக்கற இருட்டை வெளிய கொட்டுங்க" என்றார்.

ஷைனிக்கு ஒன்பது வயசு. அவள் வரைந்த அப்பா லுங்கியோடு பாயில் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். மேலே ஒரு ஃபேன். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்.

விக்ரம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிக்கூடப் பார்த்தார். "இதுல வலி எங்கம்மா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல அங்கிள். தூங்குறாரு."

"இப்ப அப்பா எங்க இருக்காரு?"

"ஜெயில்ல."

"அப்ப கம்பி எங்க?"

"அது போலீஸ் ஸ்டேசன்ல கீது அங்கிள். கேசு முடிஞ்சாதான் குடுப்பாங்களாம்."

விக்ரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இந்தக் குழந்தை வேதனையை அமுக்கி வைத்திருக்கிறது என்று தன் நோட்டில் குறித்தார். பக்கத்தில் ஒரு பையன் கறுப்பு வண்ணத்தைக் கொட்டிவிட்டு, திட்டு விழுமோ என்று பயந்து துடைத்ததில், தாள் முழுக்கக் கோடு கோடாகிவிட்டது. அதைப் பார்த்த விக்ரமுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பையனைக் கட்டிக்கொண்டார். அவனுக்கு இரண்டு பஃப்ஸ் கிடைத்தது.

ஷைனி மக்கு இல்லை. அடுத்த சனிக்கிழமை அவள் அப்பாவுக்கு முன்னால் ஏழு கம்பி போட்டாள். ஆஹா என்றார்கள். அதற்கடுத்த வாரம் மாட்டுக்கு முன்னால் கம்பி, தேருக்கு முன்னால் கம்பி, கிறிஸ்மஸ் ஸ்டாருக்கு முன்னால் கம்பி. மற்ற பிள்ளைகளுக்கும் ஸ்கேல் வைத்துக் கம்பி போடச் சொல்லிக் கொடுத்து, ஆளுக்குப் பாதி பஃப்ஸ் வசூல் பண்ணினாள். கடைசியில் விக்ரமையே கம்பிக்குப் பின்னால் உட்காரவைத்து வரைந்தாள். அவர் தேம்பிவிட்டார். "நம்ம எல்லாருமே கைதிகள்தான்னு இந்தக் குழந்தை சொல்லுது" என்று நிவேதிதாவிடம் காட்டினார். படத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் ஷைனி கேட்பது ஒரே கேள்விதான். "அப்பாவ எப்பம்மா இட்டுகினு வருவ?"

"வருவாருடி. கையெழுத்துக்கு ஆளு பாத்துகினுதான கீறேன்."

"அவ்ளோ பேரு கீறாங்களே அங்க. கேளேன்."

கேட்டாள். ஒரு சனிக்கிழமை நிவேதிதா தனியாக இருந்தபோது, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள். "மேடம், எம்புருசனுக்கு ஜாமீன் கெட்ச்சிட்ச்சி. சொந்த ஊடு கீறவங்க ரெண்டு பேரு கையெழுத்து போட்டா வந்துருவாரு. வாய்தாவுக்கு ஒயுங்கா போயிருவாரு மேடம், ஓடிப்போற ஆளு இல்ல. நீங்க ஒரு கையெழுத்து..."

நிவேதிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆக்னஸ், கேட்கறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா? இந்த ஒரு கேள்வியிலயே நீங்க எவ்வளவு வளர்ந்திருக்கீங்கன்னு தெரியுது. இதை நாம விடக்கூடாது. எல்லாரும் வட்டமா உட்கார்ந்து பேசுவோம்."

அடுத்த வாரம் வட்டம் போட்டார்கள். தலைப்பு: 'கேட்பதன் அழகு'. ஒவ்வொரு அம்மாவும் தனக்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதி, பட்டம் செய்து பறக்கவிட வேண்டும். ஆக்னஸ் 'ரெண்டு கையெழுத்து' என்று எழுதினாள். அவளுடைய பட்டம் பி பிளாக் தண்ணீர்த் தொட்டியில் போய்ச் சிக்கியது. மிக அழகான குறியீடு என்று விக்ரம் போட்டோ எடுத்தார்.

"அது சரி மேடம், கையெழுத்து?" என்றாள் ஆக்னஸ் விடாமல்.

இந்தத் தடவை நிவேதிதாவின் முகத்தில் பொறுமை கொஞ்சம் குறைந்தது. "ஆக்னஸ், எங்க நோக்கம் குழந்தைகள். பெற்றோரை வெளிய கொண்டு வர்றது எங்க திட்டத்துலயே கிடையாது. இன்னொண்ணும் யோசிங்க. அவர் வெளிய வந்துட்டா ஷைனி எப்படி இந்தத் திட்டத்துல இருக்க முடியும்? அவளோட தகுதியே போயிடும். பன்னிரண்டு குழந்தைகள்னு பேனர் அடிச்சாச்சு. அவ படம்தான் நடுவுல வருது. ஒரு அம்மாவா நீங்க அவ எதிர்காலத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

ஆக்னஸ் நினைத்துப் பார்த்தாள். அப்பன் உள்ளே இருந்தால் மகளுக்கு எதிர்காலம் உண்டு, வந்துவிட்டால் கிடையாது. இது என்ன கூத்து என்று அவளுக்குத் தலை சுற்றியது. அந்த வாரம் ஜெயிலில் மனு போட்டு எழிலைப் பார்த்தபோது அவன் இளைத்துப்போய், இருமிக்கொண்டிருந்தான். "ஆளு கெடைக்கலன்னா வுடு. நீ அலையாத" என்றான். அவள் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதாள். அதைக் கொண்டாட அங்கே யாரும் இடம் அமைத்துத் தரவில்லை.

இதற்கிடையில் திட்டத்தின் உச்சக்கட்டம் நெருங்கிவிட்டது. என்க்ளேவின் நீண்ட மதில்சுவரில் பிள்ளைகளின் ஓவியங்களைப் பெரிதாக வரைவது. சுவர் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத் தலைவர் தட்சிணாமூர்த்தி, பெரிய கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆணியில் ஆரம்பித்து ஆள் வரைக்கும் எல்லாவற்றுக்கும் வரவு வைத்துப் பழகியவர்.

அவர் சுவரைப் பார்வையிட்டார். பென்சிலால் போட்டிருந்த கோடுகளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "குழந்தைங்க வரையட்டும், எனக்கு ஆட்சேபணை கிடையாது. நானும் மனுஷன்தான். ஆனா இதென்ன, சுத்துச்சுவர் பூரா கம்பி? வெளியிலேர்ந்து பார்த்தா இது ஃப்ளாட்டா ஜெயிலா? டி பிளாக்ல நாலு வீடு விற்பனைக்கு இருக்கு. சதுர அடி விலை என்ன ஆகறது?"

"சார், கம்பிதான் இந்தத் திட்டத்தோட ஆன்மா" என்றார் விக்ரம்.

"ஆன்மா இருக்கட்டும். கம்பி வேண்டாம்."

பேச்சுவார்த்தை நடந்தது. சங்கம் கம்பி கூடாது என்றது, அறக்கட்டளை கம்பி இல்லாமல் முடியாது என்றது. பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு தரப்பும் ஒரு முடிவுக்கு வந்தன. கம்பி அப்படியே இருக்கும், ஆனால் கணுவும் தோகையும் சேர்த்துக் கரும்பாக்கிவிடுவது. பொங்கல் வருகிறது, பொருத்தமாகவும் இருக்கும். அப்படியே சுவர் முழுக்கக் கரும்பு முளைத்தது. ஷைனியின் அப்பா கரும்புத் தோட்டத்துக்குப் பின்னால் சோகமாக நின்றார். பார்ப்பதற்கு, கரும்பு திருட வந்து மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது.

சுவரின் தலைப்பில் ஒரு வாசகம் வேண்டும். நிவேதிதா மூன்று வாரம் யோசித்து எழுதினாள்: 'இந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம்.' விக்ரமுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே பாதிச் சுவரை வெள்ளையாக விட்டுவைத்தார்கள். திறப்பு விழாவில் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட்டு ஆதரவு தெரிவிக்கவேண்டும். அதற்கும் தட்சிணாமூர்த்தி ஒரு நிபந்தனை விதித்தார். முன்பொரு தடவை வெளியாள்கள் வந்து நீச்சல் குளத்தில் குளித்துவிட்டுப் போனதிலிருந்து என்க்ளேவில் எதற்கும் ஒரே விதிதான். குடியிருக்கும் உரிமையாளர்கள் மட்டும். பெயர், ஃப்ளாட் நம்பர், போன் நம்பர், கையெழுத்து. நான்கும் இல்லாத கையெழுத்து அழிக்கப்படும்.

படித்தவர்களுக்கு இப்படி ஒரு தைரியம் உண்டு. தாங்கள் எழுதுகிற நல்ல வாக்கியம் தங்களை ஒன்றும் செய்யாது என்று நம்புவார்கள்.

விழாவுக்குத் தலைமை விருந்தினர் சம்பந்தம், ஓய்வு பெற்ற உயர் அதிகாரி. எந்த இலாகா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை, ஆனால் உயரம் மட்டும் தெரிந்தது. சந்தன மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ். என் மேஜைக்கு வராத கண்ணீர் இல்லை. ஒவ்வொரு மனுவையும் நான் கண் கலங்கப் படிச்சிருக்கேன். ஆனா ஒரு இடத்துலகூட அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை. அதனாலதான் இன்னிக்கு ஒரு விசாரணையும் இல்லாம, முழுப் பென்ஷனோட உங்க முன்னால நிக்கறேன். குழந்தைகளே, கருணை வேற, கையெழுத்து வேற. கருணையை அள்ளிக் குடுங்க. கையெழுத்தைப் பார்த்துப் போடுங்க."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்து, வலிமை பெற்ற தாய் என்ற முறையில் ஆக்னஸைக் கூப்பிட்டார்கள். பேசவேண்டியதை நிவேதிதாவே எழுதிக் கொடுத்திருந்தாள். ஆக்னஸ் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "நான் உடைந்த கண்ணாடி. வண்ணங்கள் என்னை ஒட்டவைத்தன." அதோடு தாளை மடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பேச்சைப் பேசினாள்.

"அய்யா, அம்மா, எல்லாருக்கும் கும்பிடு. எம்புருசனுக்கு ஜாமீன் குட்த்து மாசக்கணக்கா ஆவுது. ரெண்டே ரெண்டு பேரு, சொந்த ஊடு கீறவங்க, கோர்ட்டாண்ட வந்து கையெழுத்து போட்டா இந்தப் புள்ளையோட அப்பா ஊட்டுக்கு வந்துருவாரு. இருமிகினே கீறாரு அய்யா. உங்க கால்ல வேணா வியறேன். யாராச்சும் ரெண்டு பேரு..."

நிவேதிதா மைக்கை வாங்கிவிட்டாள். "எவ்வளவு உண்மையா பேசினாங்க பாருங்க! இந்தக் குரலைத்தான் நாங்க தேடிட்டிருந்தோம்." பலத்த கைதட்டல். முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஆக்னஸ் வரிசை வரிசையாகப் போய்க் கேட்டாள். கண்ணை ஒற்றிய அம்மாள், வீடு கணவர் பேரில் இருக்கிறது என்றாள். கணவர், வீடு மனைவி பேரில் என்றார். ஒருவருக்கு லோன், ஒருவருக்குப் பங்காளித் தகராறு, ஒருவருடைய பத்திரம் அமெரிக்காவில் மகனிடம் இருந்தது. இன்னொருவர் தான் உண்மையில் வாடகைக்குத்தான் இருப்பதாகவே சொல்லிவிட்டார். அரை மணி நேரத்தில் நாலு பிளாக்கிலும் சொந்த வீடு உள்ளவர் ஒருவர்கூட மிச்சமில்லை. விக்ரம், ஜாமீன் என்ற கருத்தாக்கத்தின் மேலேயே தனக்கு விமர்சனம் உண்டு என்றார்.

பிறகு எல்லாரும் சுவருக்குப் போனார்கள். தலைமை விருந்தினர், விதிவிலக்காக, முதல் கையெழுத்தைப் போட்டார். அப்புறம் பாருங்கள் தள்ளுமுள்ளு! வீடே இல்லாதவர்களாயிருந்த அத்தனை பேரும் பெயரும் ஃப்ளாட் நம்பரும் போன் நம்பருமாக எழுதித் தள்ளினார்கள். சிலர் கார் பார்க்கிங் நம்பரையும் சேர்த்தார்கள். குடும்பத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

ஆக்னஸ் சுவருக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழாகப் படித்தாள். தன் போனில் அதைப் போட்டோ எடுத்தாள். பிறகு தட்சிணாமூர்த்தியிடம் போய், கிண்டலும் இல்லாமல் குதர்க்கமும் இல்லாமல், தெரியாமல்தான் கேட்டாள்.

"சார், பெத்தவங்களுக்குப் பொறுப்புன்னு மேல எய்திக்கீது. கீய எல்லாரும் ஊட்டு நம்பரோட கையெழுத்து போட்டுக்கீறாங்க. இத்த ஜட்ஜய்யா கிட்ட காட்னா ஒத்துக்குவாராங்க?"

தட்சிணாமூர்த்தி சிரித்தார். சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். தலைப்பைப் படித்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், ஏ-101 என்று கொட்டை எழுத்தில் தானே எழுதியதைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்த பத்து நிமிஷத்தில் என்க்ளேவின் வாட்ஸப் குழு தீப்பிடித்தது. சட்டம் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். பி பிளாக்கில் ஒரு வக்கீல் இருந்தார். செல்லாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வக்கீல் அப்படிச் சொல்வாரா? "மேலோட்டமாகப் பார்த்தால் செல்லாது; ஆனால் செல்லவே செல்லாது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை" என்று போட்டார். போச்சு. ஆசாமி ஓடிப்போனால் நம் ஃப்ளாட் ஏலத்துக்கு வருமா என்று ஒருவர் கேட்டார். பன்னிரண்டு அப்பன் அம்மாவுக்கும் சேர்த்தா என்று இன்னொருவர். யார் யார் என்ன கேஸ், கொலைகாரன் உண்டா என்று மூன்றாமவர். அன்றுவரை அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் என்ன கேஸில் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒருத்தர் கேட்டதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெயிண்டர் கிடைக்கவில்லை. காலங்காத்தாலே உரிமையாளர்களே வாளியும் விளக்குமாறும் சுண்ணாம்புமாக இறங்கிவிட்டார்கள். ரயில் நிலையக் கண்காணிப்பாளர் முதல் மென்பொருள் மேலாளர் வரை அரை டிராயரோடு நின்று வெள்ளையடித்தார்கள். கரும்பு போயிற்று, மாடு போயிற்று, ஷைனியின் அப்பா போனார், வாசகமும் போயிற்று. அந்தக் குடியிருப்பு மக்கள் சாதி, மாடி வித்தியாசம் பார்க்காமல் ஒன்றுகூடிச் செய்த முதல் சமூக ஓவிய வேலை அதுதான்.

அடித்து முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண்பிள்ளை போனில் போட்டோ எடுத்தாளே! போதாததற்கு, நிவேதிதா ராத்திரியே அறக்கட்டளையின் ஃபேஸ்புக்கில், போன் நம்பர் வரை தெளிவாகத் தெரிகிற மாதிரி, எண்பது படம் ஏற்றியிருந்தாள். தலைமை விருந்தினருக்குப் போன் போட்டார்கள். அவர் அமைதியாக இருந்தார். "நான் போட்டது என் கையெழுத்தே இல்லையே. வெளியிடத்துல நான் வேற ஒண்ணுதான் போடுவேன். முப்பது வருஷப் பழக்கம்" என்று வைத்துவிட்டார்.

மதியம் கிளப் ஹவுஸில் அவசரக் கூட்டம். சுவரைக் கொடுத்தவர் தலைவர், வாசகத்தை எழுதியவர் தலைவி. மற்றவர்கள் கூடிப் பேசி, அந்த இரண்டு பேரும் போய் எப்படியாவது முடித்துக்கொண்டு வரவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். விழாவில் கண்ணை ஒற்றிய அம்மாள்தான் தீர்மானத்தை வழிமொழிந்தாள்.

சாயங்காலம் ஆவடியில் ஆக்னஸின் சந்துக்குள் கார் நுழையமுடியாமல் தெருமுனையில் நின்றது. தட்சிணாமூர்த்தியும் நிவேதிதாவும் இறங்கி நடந்து வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் அவரை உட்காரச் சொன்னாள். நிவேதிதா நின்றாள்.

"அந்தப் போட்டோவை அழிச்சுடும்மா" என்றார் தட்சிணாமூர்த்தி. "அதெல்லாம் செல்லாது. சும்மா ஒரு விளம்பரத்துக்குப் போட்டது."

"எனக்கும் தெரியாது சார். நாளைக்கு வக்கீலாண்ட காட்டிக் கேக்கலாம்னு கீறேன்."

"வேண்டாம், வேண்டாம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆக்னஸ் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை நாள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வாய். முதன்முறையாக, எதிரே இருப்பவர்கள்தான் கேட்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு இன்னாத்துக்கு சார் அவ்ளோ கையெழுத்து? ரெண்டுதான கேட்டேன். ஆரம்பத்துலேர்ந்து ரெண்டுதான் கேட்டுகினு கீறேன். நீங்களா ஒரு செவுரு ரொப்பிட்டு, இப்ப என்னிய வந்து அயிக்கச் சொன்னா? கோர்ட்டாண்ட வந்து அந்த ரெண்ட போடுங்க, அயிச்சிடறேன்."

செவ்வாய்க்கிழமை தட்சிணாமூர்த்தியும் நிவேதிதாவும் வீட்டு வரி ரசீதோடு கோர்ட்டில் வந்து நின்றார்கள். இவருக்கு நீங்கள் ஜாமீன் போடக் காரணம் என்ன என்று கேட்கப்பட்டபோது, நிவேதிதா வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து ஒரு நல்ல வாக்கியமும் வரவில்லை. "தெரிஞ்சவங்க" என்றாள்.

மறுநாள் எழில் வெளியே வந்தான். ஜெயில் வாசலில் ஷைனி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். ஆக்னஸ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே ஓவென்று அழுதாள்.

"யாரு போட்டாங்க கையெழுத்து?" என்று கேட்டான் எழில். "நல்ல மனுசங்க கெட்ச்சாங்களா?"

"நல்ல மனுசங்க நெறைய பேரு கெட்ச்சாங்க. அவுங்க கைதட்டுனாங்க. போட்டது பயந்த மனுசங்க" என்றாள் ஆக்னஸ்.

ஒரு வாரம் கழித்து நிவேதிதா போன் பண்ணினாள். குரலில் பழைய குழைவு திரும்பியிருந்தது. "ஆக்னஸ், சந்தோஷம். ஷைனியை மட்டும் பட்டியல்லேர்ந்து எடுக்க வேண்டியிருக்கு, தப்பா நினைக்காதீங்க. இப்ப பதினோரு குழந்தைகள்தான் இருக்காங்க, ஒண்ணு குறையுது. உங்க ஏரியாவுல புதுசா யாராவது உள்ள போயிருக்காங்களா? குழந்தை இருக்கறவங்களா?"

ஆக்னஸ் சந்திலிருந்த வீடுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"இப்பத்திக்கு யாரும் இல்ல மேடம். ஆனா எம்புருசன் வாய்தாவுக்குப் போவாம வுட்டாருன்னா, ஜாமீன் போட்டவங்களத்தான் தூக்குவாங்களாம். உங்க பையனுக்குப் படம் வரைய வருங்களா?"

மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது.

இப்போதெல்லாம் வாய்தா நாளுக்கு முந்தின சாயங்காலமே நிவேதிதா போன் பண்ணி, எழிலுக்குச் சளி ஏதும் இருக்கிறதா, இருமல் குறைந்ததா, சாப்பிட்டாரா என்று விசாரிக்கிறாள். விடிந்ததும் தட்சிணாமூர்த்தியே கார் ஓட்டிக்கொண்டு வந்து தெருமுனையில் நிறுத்திவிட்டு, சந்துக்குள் நடந்து வந்து கதவைத் தட்டுகிறார்.

"எழில் தம்பி, எழுந்தாச்சா? மெதுவா கிளம்புங்க, அவசரமில்ல. வழியில நாஷ்டா பண்ணிக்கலாம்."